பழைய குடும்பப் படத்தில் மங்கிப்போன எழுத்து: வெளிச்சம் முதலில், ஊகம் கடைசியில்

பழைய படம் ஒன்றைத் திருப்பிப் பார்க்கிறோம். அட்டையில் வெளிறிய பழுப்பில் இரண்டு வரி. முதல் சொல் பாதி பிடிபடுகிறது, அடுத்தது பிடிபடவே இல்லை. அந்த நேரத்தில் கை இரண்டு காரியங்களுக்குப் பரபரக்கும். ஈரத்துணியால் லேசாக ஒற்றினால் தெளியுமோ என்று தோன்றும். “இது பெரிய தாத்தாவாகத்தான் இருக்கும்” என்று மனம் முடிவுகட்டிவிட்டு, அந்தப் பெயரையே கோடுகளில் தேடத் தொடங்கும். ஈரம் எழுத்தைக் கெடுக்கும், அவசர முடிவு வாசிப்பைக் கெடுக்கும். இரண்டாவதைத்தான் நான் பெரிய ஆபத்து என்பேன். தவறாகப் படித்த ஒரு பெயர் குடும்ப மரத்தில் ஏறிவிட்டால், அடுத்த தலைமுறை அதைச் சரிபார்க்காமல் எடுத்துக்கொள்ளும். பிறகு அதை இறக்குவது பெரும்பாடு.

அதனால் இந்த வேலையில் ஒரே ஒரு ஒழுங்கை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் எழுத்தைக் கண்ணுக்குக் கொண்டுவருவது, அதன்பின் கோடுகோடாகப் படிப்பது, எல்லாம் முடிந்த பிறகே வீட்டில் தெரிந்த பெயர்களோடு ஒப்பிடுவது.

எழுத்து எங்கே ஒளிந்திருக்கும்

பின்பக்கம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். அட்டையில் ஒட்டிய படங்களில் கீழ் விளிம்பில் எழுதியிருப்பார்கள். சட்டத்தின் உதடு அதை மறைத்திருக்கும். படத்தின் கீழ் மூலையில் வெள்ளை நிறத்தில் கையால் எழுதிய எண் தெரிந்தால் அது பெரும்பாலும் ஸ்டூடியோவின் நெகட்டிவ் எண். நெகட்டிவின் மேல் மையால் எழுதியது அச்சில் வெள்ளையாக விழும். பின்பக்கத்தில் பென்சிலால் கிறுக்கியதில் பாதி ஸ்டூடியோக்காரர்களுடையது: ஆர்டர் எண், எத்தனை பிரதி, எந்த அளவுக்குப் பெரிதாக்க வேண்டும், வண்ணம் தீட்டுகிறவருக்கு உடையின் நிறம், எங்கே வெட்ட வேண்டும் என்ற கோடு. இவற்றைக் குடும்பத்தார் எழுதியதாக எடுத்துக்கொண்டு தேதியோ வயதோ கணக்கிட்டால் ஆரம்பமே தப்பு.

சட்டமிட்ட படமென்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். சுத்தமான மெல்லிய துணி விரித்து, கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். பின்னால் ஒட்டிய பழுப்புத் தாளை விளிம்போரமாக வெட்டி, ஆணிகளைக் குறட்டால் மெல்ல வெளிப்பக்கம் வளையுங்கள். சுத்தியல் வேண்டாம், அதிர்ச்சியில் பழைய கண்ணாடி விரியும். ஒவ்வோர் அடுக்கை எடுக்கும் முன்பும் ஒரு புகைப்படம் எடுத்துவிடுங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். ஒட்டிய இடம் ஈரம்போல் கருமையாகப் பளபளக்கும். அப்படியிருந்தால் பிய்க்க முயல வேண்டாம். படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே படியெடுத்துக்கொண்டு, பிரிக்கும் வேலையைப் புகைப்படப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் விடுங்கள்.

கழற்றிய பின்பலகையையும் இடையில் வைத்த தாள்களையும் தூக்கி எறிய வேண்டாம். மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய பழைய இரும்பு மை அமிலத்தன்மை கொண்டது. பல்லாண்டு அழுத்திக்கிடந்த தாளில் அது தன் சாயலைப் பதித்திருக்கும். படத்தின் முதுகில் மங்கிய எழுத்து, எதிரே இருந்த அட்டையில் கண்ணாடி பிம்பமாகத் தெளிவாக விழுந்திருப்பது உண்டு. அதைப் படியெடுத்து இடவலமாகத் திருப்பினால் சில சமயம் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அழுத்தி எழுதியிருந்தால் கோடுகள் முன்பக்கத்திலும் மேடாகத் தள்ளியிருக்கும். மையே போனாலும் மேடு போகாது. அதையும் திருப்பிப் படிக்க வேண்டியதுதான்.

என்ன மை, என்ன பென்சில்

எழுதிய பொருள் எதுவென்று ஓரளவு தெரிந்தால் எந்த வெளிச்சத்தைப் போடுவது என்று தெரியும். இதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும்.

இரும்பு மை எழுதும்போது கருநீலமாக இருந்து, வயதாக ஆகப் பழுப்பாகும், கடைசியில் தாளின் நிறத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். லென்ஸில் பார்த்தால் கோட்டின் ஓரங்கள் நடுவைவிடச் சற்று அடர்த்தியாக இருக்கும், மை இழைகளுக்குள் இறங்கியிருக்கும். சாய மைகள் 1856-இல் செயற்கைச் சாயம் வந்த பிறகு பரவியவை. ஊதா, நீலம், சிவப்பு என நிறம் பளிச்சென்று இருக்கும், ஆனால் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தாங்காது. கார்பன் மை எனப்படும் கறுப்பு மை மங்காது, உதிரும். பென்சிலின் கிராஃபைட் நிறம் மாறாது, தேய்ந்து பரவும். பால்பாயிண்ட் பேனா 1940-களின் நடுவில்தான் கடைக்கு வந்தது. அதன் கோடு தாளில் பள்ளம் பறிக்கும், திரும்பும் இடங்களில் மைக்கட்டி நிற்கும்.

இன்னொன்று இருக்கிறது, காப்பியிங் பென்சில். காய்ந்த நிலையில் சாதாரண பென்சில்போல் சாம்பல் நிறத்தில்தான் தெரியும். உள்ளே ஊதாச் சாயம் கலந்திருக்கும். ஒரு துளி ஈரம் பட்டால் கோடு முழுக்க ஊதாவாகப் பொங்கிப் பரவி, எழுத்து மொத்தமாகப் போய்விடும். ஈரத்துணி வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். எலுமிச்சைச் சாறு, தேயிலைத் தண்ணீர், எண்ணெய், சூடு, அழிப்பான், பள்ளத்தின் மேல் பென்சில் தேய்ப்பது என எதுவுமே வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிஞர்களே மங்கிய ஏடுகளில் மாசிக்காய்ச் சாறு பூசிப் பார்த்தார்கள். எழுத்து அப்போதைக்குக் கறுத்தது, பிறகு பக்கம் முழுவதும் கறையாகி நிரந்தரமாக மறைந்தது. அவர்களுக்கு வேறு வழி இல்லை. நமக்கு வெளிச்சமும் கேமராவும் இருக்கின்றன.

வெளிச்சத்தை மாற்றிப் பார்ப்பது

அறையை இருட்டாக்குங்கள். படம் மேசையில் தட்டையாக, கேமரா முக்காலியில் நேர் மேலே. செல்பேசியானாலும் தாங்கியில் பொருத்துங்கள், ஃப்ளாஷை அணைத்து, குவியத்தையும் வெளிச்ச அளவையும் பூட்டி, தானாக அழகுபடுத்தும் வசதிகளை எல்லாம் நிறுத்திவிட்டு, முடிந்தால் கேமரா திருத்தாத ‘ரா’ (RAW) கோப்பாக எடுங்கள்.

முதலில் சாய்வு வெளிச்சம். சின்ன எல்இடி டார்ச்சைப் படத்திலிருந்து முப்பது, நாற்பது செ.மீ. தள்ளி, மேசை மட்டத்துக்குச் சற்று மேலே, சுமார் 10 பாகை சாய்வில் பிடியுங்கள். பள்ளமான கோடுகள் நிழல் தாங்கி எழுந்து நிற்கும். இங்கே பலர் தவறவிடுவது ஒன்று: வெளிச்சம் வரும் திசைக்கு இணையாக ஓடும் கோடு நிழல் தராது. இடப்பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் போட்டால் நிமிர்ந்த கோடுகள் தெரியும், கிடைக்கோடுகள் காணாமல் போகும். ஆகவே படத்தை அசைக்காமல் டார்ச்சை மட்டும் சுற்றி, எட்டுத் திசைகளிலிருந்து எட்டுப் படம் எடுங்கள். பால்பாயிண்டுக்கும் அழுத்தி எழுதிய பென்சிலுக்கும் இதைவிடச் சிறந்த வழி கிடையாது. மெல்லிய நிப்பால் எழுதிய மைக்கு இது அவ்வளவாக உதவாது.

பென்சிலுக்கு இன்னொரு குணம், அது மினுங்கும். கறுத்த சாம்பல் அட்டையில் பென்சில் எழுத்து கண்ணுக்கே தெரியாவிட்டால், வெளிச்சத்தை உங்களுக்கு எதிர்ப்பக்கம் வைத்து, பிரதிபலிப்பு கண்ணில் விழும் கோணம் வரை அட்டையை மெல்லச் சாயுங்கள். அட்டை மங்கலாக இருக்க, கோடுகள் மட்டும் வெள்ளிபோல் ஒளிரும்.

இரும்பு மைக்குப் புற ஊதா ஒளிதான் மருந்து. சாதாரணத் தாள் புற ஊதாவில் லேசாக ஒளிரும். இரும்பு மை அந்த ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும். சாதாரண வெளிச்சத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில் முழுச் சொல் எழுந்து வருவது இதில்தான். டார்ச் 365 நானோமீட்டர் அலைநீளம் கொண்டதாக, முகப்பில் கருநிற வடிகட்டி பொருத்தியதாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச்சில் கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சமும் சேர்ந்து வழிந்து, மெல்லிய வித்தியாசத்தை மூழ்கடித்துவிடும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். புற ஊதா மையையும் தாளையும் இன்னும் மங்கவைக்கும். எனவே முதலில் கேமராவைத் தயார்செய்து, விளக்கைப் போட்டு, சில நொடியில் படம் எடுத்து, உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப விளக்கடித்துப் பார்த்து ரசிக்கும் வேலையைக் கணினித் திரையில் வைத்துக்கொள்ளலாம். சாய மைகளை இதில் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சில கறுக்கும், சில ஒளிரும், சில மாறவே மாறாது.

இதில் ஒரு கூடுதல் தகவலும் கிடைக்கும். தாளே பளீரென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தால், அதில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. போட்டோ தாளில் அது 1950-களின் தொடக்கத்தில்தான் வந்தது. அப்படிப்பட்ட தாளில் ‘1920’ என்று எழுதியிருந்தால், பழைய படத்தைப் பின்னாளில் மறுபடி எடுத்த பிரதி என்று பொருள். ஆனால் ஒளிராவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகாது. 1950-க்குப் பிறகும் வெண்மையூட்டி இல்லாத தாள் வந்துகொண்டுதான் இருந்தது.

அகச்சிவப்பு எல்லோருக்கும் வாய்க்காது. உள்ளே இருக்கும் தடுப்பு வடிகட்டியை எடுத்துவிட்ட கேமராவும் 850 நானோமீட்டர் விளக்கும் வேண்டும். கார்பன் மையும் பென்சிலும் இதில் கறுப்பாகவே நிற்கும். சாய மைகள் பெரும்பாலும் மறைந்துவிடும், இரும்பு மையும் வெளிறும். எனவே பென்சில் எழுத்தின் மேல் யாரோ மையால் எழுதியிருந்தாலோ, ஸ்டூடியோவின் ஊதா முத்திரை பெயரின்மேல் விழுந்திருந்தாலோ, இரண்டையும் பிரிக்க இதுவே வழி. மங்கிய இரும்பு மையைத் தேடி அகச்சிவப்புக்குப் போவது வீண் வேலை.

ஸ்கேன் செய்வதும் கணினியில் தெளிவாக்குவதும்

ஸ்கேனரில் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, குறைந்தபட்சம். மூன்று மில்லிமீட்டர் உயர எழுத்து அதில் சுமார் 70 புள்ளி உயரம் வரும், படிக்கப் போதும். எழுத்து பொடியாக இருந்தால் 1200. அதற்கு மேல் போனால் தாளின் இழைதான் பெரிதாகும். நிறத்தோடு, ஒரு நிறத்துக்கு 16 பிட் ஆழத்தில், டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். 11 × 17 செ.மீ. அட்டைப் படம் ஒன்று 600 டிபிஐயில் ஏறக்குறைய 60 எம்பி வரும். இடம் போகிறதே என்று ஜேபெக்கில் சேமித்தால், அது படத்தை 8 × 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, மெல்லிய நிற வேறுபாட்டை முதலில் தூக்கி எறியும். நமக்கு வேண்டியதே அந்த வேறுபாடுதான். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்வதும் அதே அளவு நஷ்டம். ஸ்கேனரின் தானியங்கித் திருத்தம், கூர்மையாக்கல், தூசு நீக்கல் மூன்றையும் அணைத்துவிடுங்கள். தூசு நீக்கும் வசதி, எழுத்துப் புள்ளியையும் தூசு என்றே நினைக்கும்.

மெல்லிய வகை ஸ்கேனர்களில் குவிய ஆழம் மிகக் குறைவு. வளைந்த அட்டையின் நடுப்பகுதி கலங்கிப்போகும். அட்டையை அழுத்தித் தட்டையாக்க வேண்டாம், முதுகு முறியும். கேமராவில் எடுங்கள். தட்டையான படமென்றால், ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு, 90 பாகை திருப்பி இன்னொருமுறை செய்யுங்கள். ஸ்கேனரின் விளக்கு ஒரே பக்கத்திலிருந்து வருவதால், ஒன்றில் தெரியாத பள்ளம் மற்றதில் தெரியும்.

கேமராவில் மிக மங்கலான எழுத்தை எடுக்கும்போது ஒரே அமைப்பில் பதினாறு படம் எடுத்து அவற்றைச் சராசரி செய்தால், கேமராவின் இரைச்சல் (படத்தில் தெரியும் பொடிப்பொடியான புள்ளிகள்) நான்கில் ஒரு பங்காகக் குறையும். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் படங்களை அடுக்காக ஏற்றி, சராசரி என்ற தேர்வைக் கொடுத்தால் நொடியில் முடியும்.

பிறகு நிறங்களைப் பிரியுங்கள். ஜிம்ப் மென்பொருளில் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சாம்பல் படங்களாகப் பிரிக்கலாம். பழுப்பு மை நீல ஒளியை விழுங்கும், ஆகவே நீலப் படத்தில் அது அடர்ந்து தெரியும். ஊதா, நீல மைகளுக்குச் சிவப்பும் பச்சையும், சிவப்பு மைக்குப் பச்சை. எதிர்த்திசையிலும் இதைப் பயன்படுத்தலாம். எழுத்தின்மேல் சிவப்பு முத்திரை இருந்தால் சிவப்புப் படத்தில் முத்திரை காணாமல் போய், அடியில் இருக்கும் எழுத்து மட்டும் நிற்கும். ஒரே சிக்கல், தாளில் பழுப்புப் புள்ளிக் கறை நிறைய இருந்தால் நீலப் படத்தில் அதுவும் சேர்ந்து கறுக்கும். அப்போது பச்சையில் சமரசம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

அடுத்து, பின்னணிக் கறையை அகற்றுவது. சாம்பல் படத்தை இன்னோர் அடுக்காகப் பிரதியெடுத்து, எழுத்துக்கோட்டின் தடிமனைவிடப் பல மடங்கு பெரிதாக, அதாவது 50 முதல் 100 புள்ளி ஆரத்தில் மங்கலாக்குங்கள். அந்த மேலடுக்கின் முறையை ‘வகுத்தல்’ என்று மாற்றினால் பெரிய கறைகளும் நிழல்களும் சமமாகிவிடும், கோடு மட்டும் மிஞ்சும். அதன்பின் எழுத்து இருக்கும் பகுதியை மட்டும் வெட்டிக்கொண்டு, வளைகோட்டுக் கருவியில் மாறுபாட்டைக் கூட்டுங்கள். வெட்டாமல் முழுப் படத்துக்கும் கூட்டினால், கறுத்த விளிம்பும் வெள்ளை ஓரமும் கணக்கைக் கெடுத்து, எழுத்து அப்படியே கிடக்கும்.

பாறை ஓவியங்களுக்காக ஜான் ஹார்மன் உருவாக்கிய டிஸ்ட்ரெச் என்ற செருகுநிரல் இமேஜ்ஜேயில் இயங்கும். கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு பழுப்புகளை இழுத்துப் பிரித்து, ஒன்றைச் சிவப்பாகவும் மற்றதை நீலமாகவும் காட்டிவிடும். மங்கிய மைக்கு இது பிரமாதமாக வேலை செய்கிறது. அதிலுள்ள நிறவெளிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கறுப்பு, நீலச் சாயல் மைக்கு ஒய்பிகே என்பதில் தொடங்கலாம்.

எந்த நிரலானாலும் அளவு மீறினால் தாளின் இழையும் கீறலும் எழுத்துபோல எழும். அதற்கு நான் உறுதியாகச் சொல்லும் விதி: தெளிவாக்கிய படத்தில் புதிதாகத் தெரியும் எந்தக் கோடும், திருத்தாத மூலப் படத்தில் அதே இடத்தில் மங்கலாகவாவது இருக்க வேண்டும், அல்லது இரண்டு வேறு வெளிச்சங்களில் தெரிய வேண்டும். இல்லையென்றால் அது கோடே அல்ல.

செயற்கை நுண்ணறிவால் படத்தைக் கூர்மையாக்கும் செயலிகள் இந்த விதியில் அடிபட்டுப் போகின்றன. அவை இருப்பதைத் தெளிவாக்குவதில்லை. இருக்கக்கூடியது என்று தாம் கருதுவதை வரைந்து நிரப்புகின்றன. முகத்துக்கே அது சரியில்லை, கையெழுத்துக்குக் கட்டாயம் கூடாது. ஒரு சுழி கூடினால் குறில் நெடிலாகும், பெயரே மாறிவிடும்.

கோடு கோடாகப் படிப்பது

மை எப்படி மங்குகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் வாசிப்பு எளிதாகும். நிப் பேனாவில் கீழ்நோக்கி இழுக்கும் கோடு தடிப்பாக, மை நிறைய இறங்கியிருக்கும். மேல்நோக்கிப் போகும் கோடும் இணைப்பும் மெல்லியவை. மங்கும்போது மெல்லியவைதான் முதலில் போகும். ஆங்கிலக் கூட்டெழுத்தில் என், யு, எம், ஐ எல்லாம் வரிசையாக நிற்கும் செங்குத்துக் கோடுகளாகிவிடுவது இதனால்தான். தமிழில் சேதம் வேறு மாதிரி. ‘வ’வின் இடச்சுழி போனால் ‘ப’. ‘ழ’வின் வால் போனால் ‘ம’. ‘சீ’யின் உச்சிச் சுழி போனால் ‘சி’, விசிறியே போனால் ‘ச’. ‘த’வும் ‘க’வும் வால் இல்லாவிட்டால் ஒன்றுதான். எனவே ‘ப’ என்று தெரிந்தால் ‘வ’வாகவும் இருக்கலாம் என்று எழுதிவைக்க வேண்டும். ‘வ’ என்றே தெளிவாகத் தெரிந்தால் அது ‘ப’வாக இருக்க வழியில்லை. மங்கல் கோடுகளைக் குறைக்குமே தவிர, கூட்டாது.

பழைய தலைமுறைக் கையெழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி பல இடங்களில் இருக்காது. அது மங்கிப்போனதாக நினைத்து அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், எழுதியவர் வைத்திருக்கவே மாட்டார். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் வேறுபாடின்றி வரும். காலும் (ா) ‘ர’வும் பலர் கையில் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு சொல்லில் ‘ப’வுக்குப் பின் ஒரே மாதிரி இரண்டு செங்குத்துக் கோடுகள், அதையடுத்து ‘வதி’ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோடும் காலாகவோ, ‘ர’வாகவோ, ‘ர்’ ஆகவோ இருக்கலாம். அப்படியானால் ‘பரரவதி’, ‘பராவதி’, ‘பரர்வதி’, ‘பார்வதி’, ‘பாரவதி’ என்றெல்லாம் விரியும். பெயராக நிற்பது ‘பார்வதி’ மட்டும். இங்கே செய்தது ஊகம் அல்ல. கிடைத்த கோடுகள் இடம்தரும் எல்லா வாசிப்பையும் எழுதிவிட்டு, மொழி இடம்தராதவற்றை அடித்திருக்கிறோம். ‘பார்வதி’ என்ற பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு கோடுகளைப் பார்த்திருந்தால், அங்கே மூன்று கோடுகள் இருந்தால்கூட நாம் கவனித்திருக்க மாட்டோம்.

1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளியில் படித்தவர்கள் ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட பதின்மூன்று எழுத்துகளைப் பழைய வடிவில் எழுதினார்கள். பலர் கடைசிவரை அப்படியே எழுதினார்கள். பழைய ‘லை’க்கு முன்னால் இரட்டைச் சங்கிலி (ை) இருக்காது, தும்பிக்கை வளைந்து எழுத்தோடு ஒட்டும். மங்கிய நிலையில் அந்தத் தும்பிக்கையைத் தனி எழுத்தாக எண்ணிவிடுவது வழக்கமான தவறு. பழைய ‘னா’வுக்குத் தனிக் கால் கிடையாது, எழுத்தின் வலக்கோடே கீழிறங்கிச் சுழியும். அந்தச் சுழி போனால் ‘னா’ வெறும் ‘ன’ ஆகும்.

எழுதியவரின் கையை அவரிடமிருந்தே கற்றுக்கொள்வதுதான் சரியான முறை. ஐயமில்லாமல் படிக்க முடிந்த சொற்களிலிருந்து ஒவ்வோர் எழுத்தையும் வெட்டியெடுத்து ஓர் அட்டவணையாக ஒட்டுங்கள். அதே கையால் எழுதிய கடிதமோ கணக்குப் புத்தகமோ இருந்தால் இன்னும் நல்லது. ஐயமான எழுத்தை அந்த அட்டவணையோடு ஒப்பிடுங்கள், அச்செழுத்தோடு அல்ல. முழுதும் அழிந்த இடத்துக்கு அகலத்தை அளந்துபாருங்கள். அவர் கையில் ஓர் எழுத்து சராசரியாக 4 மி.மீ. என்றால், 13 மி.மீ. இடைவெளியில் மூன்று எழுத்துக்கு இடமுண்டு, ஆறுக்கு இல்லை. ஒரே அட்டையில் இரண்டு கைகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயரை ஒருவர் எழுதி, ஆண்டைப் பல வருடம் கழித்து இன்னொருவர் சேர்த்திருப்பது சாதாரணம்.

தேதி

எண்களில்தான் தப்பு அதிகம். தமிழ் எண்களில் எழுதியிருந்தால் ௧ என்பது ‘க’, ௨ ‘உ’, ௪ ‘ச’, ௫ ‘ரு’, ௭ ‘எ’, ௮ ‘அ’, ௰ ‘ய’ என்று எழுத்துகளாகவே கண்ணுக்குப் படும். உச்சியில் தனியாக நிற்கும் ‘உ’ பிள்ளையார் சுழி, இரண்டு அல்ல. ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். இந்த நாள் குறி ‘உ’வைப் போலவே இருப்பதால், ‘௫௳’ என்பதை ஐம்பத்திரண்டு என்று படித்துவிடும் ஆபத்து இருக்கிறது.

‘விகிருதி௵ தை௴ ௫௳’ என்று இருந்தால், விகிருதி 1950 ஏப்ரலில் பிறந்த வருடம், தை அதன் பிற்பகுதி. ஆகவே தேதி 1951 ஜனவரி 18-ஐ ஒட்டி வரும். தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் ஆங்கில ஆண்டு ஒன்று கூடும் என்பதை மறக்கக் கூடாது. வருடப் பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்புவதால் 1891-ஆகவும் இருக்கலாம், அதைப் படத்தின் தாளும் வகையும்தான் தீர்க்கும். பெயர்களும் ஏமாற்றும். ஹேவிளம்பி (1957–58) முதலெழுத்து மங்கினால் விளம்பி (1958–59). பிலவங்க (1967–68) வால் மங்கினால் பிலவ (1961–62). பவவும் யுவவும் அடுத்தடுத்த வருடங்கள், வேறுபடுவது ஒரே எழுத்தில்.

கிழமை எழுதியிருந்தால் அது நல்ல சாட்சி. ‘12-3-4?, புதன்’ என்று இருந்து, கடைசி இலக்கம் 4-ஆ 7-ஆ என்று குழப்பமானால், 12-3-1944 ஞாயிறு, 12-3-1947 புதன், ஆகவே 7. ஆனால் குழப்பம் 1-க்கும் 7-க்கும் இடையே என்றால் இது கைகொடுக்காது. 1941-லும் அந்த நாள் புதன்தான்.

எழுதிய பொருளையும் கணக்கில் சேருங்கள். பால்பாயிண்டில் ‘1912’ என்று எழுதியிருந்தால், படம் எடுத்து முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து, நினைவிலிருந்து எழுதியது. பொய் என்று தள்ள வேண்டாம், நேரடிச் சான்று என்றும் கொள்ள வேண்டாம்.

வாசிப்பைப் பதிவது

உங்கள் வாசிப்பு முடிந்ததும், தெளிவாக்கிய படத்தை இன்னொருவரிடம் கொடுங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று நினைக்கிறீர்கள் என்பதை மட்டும் மூச்சுவிடாதீர்கள். அவர் தனியாக எழுதித் தரட்டும். இரண்டும் ஒத்துப்போகும் எழுத்துகள் உறுதி, முரண்படுபவை ஐயம். கல்வெட்டு அறிஞர்களும், பாப்பிரஸ் எனும் பண்டைய நாணல் தாள் ஏடுகளைப் படிக்கும் அறிஞர்களும் 1931-இல் நெதர்லாந்தின் லைடனில் வகுத்த முறைப்படி, ஐயமான எழுத்தின் கீழே புள்ளி வைப்பார்கள், அழிந்ததைச் சதுர அடைப்பில் தருவார்கள், சுருக்கத்தை விரித்தால் பிறை அடைப்பில் போடுவார்கள். தமிழில் கீழ்ப்புள்ளி தட்டுவது சிரமம், ஐய எழுத்துக்குப் பின் கேள்விக்குறி வைத்தால் போதும். ‘பா?ர்வதி [..] மகள்’ என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அழிந்த இடத்தை நிரப்பி முழுப் பெயராக எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல், பின்னால் வருகிறவர் எங்கே தேட வேண்டும் என்று அதிலிருந்து தெரிந்துகொள்வார். குடும்பத்தாரின் பெயர்ப் பட்டியலை இப்போது எடுத்து ஒப்பிடலாம். பொருந்தினாலும் கேள்விக்குறியை அழிக்க வேண்டாம். எதை வைத்துப் பொருத்தினீர்கள் என்று அருகில் ஒரு வரி சேருங்கள்.

மங்கிய கோட்டின் மேல் புதுப் பேனாவால் எழுதித் தெளிவாக்குவது மட்டும் ஒருபோதும் கூடாது. அடியில் இருந்ததை அதன்பின் யாராலும் படிக்க முடியாது. உங்கள் வாசிப்பை எழுத வேண்டுமானால், பழைய எழுத்துக்குத் தள்ளி, விளிம்போரம், மென்மையான 2பி பென்சிலால் அழுத்தாமல், இன்றைய தேதியோடு எழுதுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள பிற்காலத் தாளில் பென்சில் பிடிக்காது, உறையில் எழுதிவிடலாம். திருத்தாத மூலக் கோப்பு, ஒவ்வொரு வெளிச்சத்திலும் எடுத்த படம், தெளிவாக்கிய படம், வாசிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே எண் கொடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். படத்தை மறுபடி சட்டமிடும்போது கண்ணாடியில் முட்டாதபடி இடையில் அமிலமில்லா அட்டைச் சட்டகம் வைத்து, பின்னாலும் அமிலமில்லா அட்டையே போடுங்கள். எழுத்தின் சாயல் விழுந்த பழைய பின்பலகை இருந்தால், அதே எண்ணிட்டுத் தனி உறையில் வையுங்கள்.